சாரலில் நனையாத உறை

கடைக்குள் காலை வைத்ததும், தோளில் கிடக்கும் பையைக்கூட இறக்காமல் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, பிரிட்ஜுல என்ன இருக்கு?"

"மருந்து மட்டும்தாம்மா."

அந்தப் பதிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் பை ஆணிக்குப் போகும், வெள்ளைக் கோட்டு உடம்புக்கு வரும். இருபது மாதங்கள் அவளோடு ஒரே கடையில் வேலை பார்த்தேன். அத்தனை காலையிலும் கேள்வி மாறியதில்லை, என் பதிலும் மாறியதில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிப்போனது. இப்போது அந்தக் கேள்வி இல்லாமல் விடிகிற காலைகள்தான் எனக்குக் கனக்கின்றன.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற சாலையில் இருந்தது அந்த மருந்துக் கடை. நான் கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். அவள் வருவதற்கு முன்பே எனக்கு அங்கே பத்து வருடப் பழக்கம். எந்த டாக்டரின் கிறுக்கலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் பார்மசி படித்துப் பட்டம் வாங்கியவள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழ் அவளுடையது. கடையே அவள் பேரில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். என்னைவிட ஒன்பது வயது இளையவள் சொல்வதை நான் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எதிரே உள்ள டீக்கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடிப்பேன்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் ஒரு வார்த்தை அவளிடம் கேட்க வேண்டும், அதற்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் போனைத்தான் ஏழு வருடமாகச் செய்யாமல் இருக்கிறேன்.

சாரல் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் ஊரே நனைந்துகொண்டிருக்கும். அருவியில் குளிக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். வருகிறவர்களில் சர்க்கரைக்காரர்களும் இருப்பார்கள். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவரின் மடியில் இன்சுலின் பாட்டில் இருக்கும். சின்ன லாட்ஜுகளில் பிரிட்ஜ் கிடையாது. ஜன்னல் திட்டில் வைப்பார்கள், வாளித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள், ஐஸ் வாங்கி அதற்குள் புதைத்து வைப்பார்கள். அவள் வந்த முதல் சீசனில் இதையெல்லாம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. 'இன்சுலின் மருந்தை எங்கள் பிரிட்ஜில் இலவசமாக வைத்துக்கொள்ளலாம்.' முதலாளி அண்ணாச்சிக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் மருந்து வைக்க வருகிறவர் தலைவலித் தைலமும் சோப்பும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டார்.

மருந்தை அவள் சும்மா வாங்கி வைக்க மாட்டாள். பழைய மாதக் காலண்டர் தாளை நாலாக மடித்து ஒரு உறை செய்வாள். பசை கிடையாது, பின் கிடையாது, மடிப்பிலேயே நிற்கும். அதன்மேல் மைப்பேனாவால் பெயர், லாட்ஜ், அறை எண் எழுதுவாள். அதோடு நிற்காது விசாரணை.

"எங்கன இருந்து வாரிய?"

"சிவகிரிம்மா."

"பஸ்லயா, வேன்லயா? மருந்து எங்கன இருந்துச்சு? மடியிலயா, ஜன்னலோரமா? வெயில் பட்டுச்சா?"

அத்தனையும் உறையில் ஏறும். 'பஸ். மடியில். ஈரத்துண்டு சுற்றி. பகல் 11 மணிக்கு வந்தது.'

"மருந்துக்கு ஜாதகம் எழுதுதா பாரு," என்று நான் டீக்கடைக்காரரிடம் சொல்வேன். அது அவள் காதிலும் விழும். சிரித்துக்கொள்வாள். "ஜாதகம் பாக்காமப் பிள்ளையக் குடுக்க மாட்டிய, மருந்தை மட்டும் அப்படியே குத்திக்கிடுவியளாக்கும்?" என்பாள்.

ஒருமுறை மதுரையில் இருந்து காரில் ஒருவர் வந்தார். வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மருந்து அத்தனை நேரமும் பூட்டிய காருக்குள், வெயிலில். அவள் கேட்கக் கேட்க அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் பாட்டிலைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது வேண்டாம் அண்ணாச்சி. வேற வாங்கிக்கிடுங்க."

"ஏம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு. நிறம் மாறல, வாடை இல்ல. வியாபாரம் பண்ணப் பாக்கியா?"

"இங்கன வாங்காண்டாம், எங்கன வேணாலும் வாங்குங்க. இதைப் போடாதிய."

மனுஷன் குதித்தார். அவள் மூலையில் சாய்த்து வைத்திருந்த தன் குடையை எடுத்து விரித்து, கம்பியைப் பிடித்து ஒரே உதறு. குடை மேல்நோக்கித் திரும்பிக்கொண்டது.

"இதுல துணி குறைஞ்சிருக்கா? கம்பி குறைஞ்சிருக்கா? எல்லாம் அப்படியேதான் இருக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டு அருவி வரைக்கும் போயிட்டு வாங்க, நனையுதியளா இல்லையான்னு பாப்போம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "இன்சுலின் ஒரு புரோட்டீன் அண்ணாச்சி. அம்பத்தோரு மணியை ரெண்டு சரமாக் கோத்து, அந்தச் சரத்தை ஒரு தினுசா மடக்கி வச்சிருக்கு. அந்த மடிப்பு மாறாம இருந்தாத்தான் உடம்புல அதுக்குன்னு உள்ள இடத்துல போய் உக்காரும். உக்காந்தாத்தான் சர்க்கரைக்குக் கதவு திறக்கும். சூட்டுலயோ ஐஸ்லயோ மடிப்பு குலைஞ்சு போச்சுன்னா, மணி அம்பத்தொண்ணும் பாட்டிலுக்குள்ளதான் கிடக்கும். வேலைதான் நடக்காது."

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கேட்டார். "அவிச்ச முட்டை மாதிரின்னு சொல்லு."

"அதேதாண்ணே. ஆனா முட்டை அவிஞ்சா வெள்ளையாக் காட்டிக் குடுத்துரும். இது காட்டிக் குடுக்காது. வச்சிருந்தவங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது மொத்தமும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பாட்டிலைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்பாள். கேட்டபின் நம்புவாள். கேள்வியில் எவ்வளவு கறாரோ, நம்பிக்கையில் அவ்வளவு தாராளம். மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு இப்படி ஒரு வெள்ளை மனசு ஆகாது என்று நான் நினைத்ததுண்டு.

அவளே ஒருதரம் தப்புச் செய்தாள். சீசன் முடிந்த காலம். ஒரு சனிக்கிழமை பிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டாள். ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலையில் உள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் வெளிச் சூட்டைக் காட்டியது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவளே அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "நான்தான் கதவைச் சரியா அடைக்கல" என்றாள். இருந்த ஊசி மருந்து மொத்தத்தையும் ஒதுக்கினாள். அன்று காலையில் அவள் வருவதற்கு முன்னால் நான் மருந்து கொடுத்தனுப்பிய ஒருவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்கி வந்தாள். அண்ணாச்சி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "யாருக்கும் தெரியாதுல்லா? என்னத்துக்கு நீயே போய் மாட்டிக்கிட?"

"யாருக்கும் தெரியாதுங்கதுனாலதாண்ணே சொல்லுதேன்," என்றாள். பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சீசன் வந்தது. ஆடி மாதம். குற்றாலத்துத் தோப்புகளில் இருந்து மங்குஸ்தான் வந்து ரோட்டோரம் குவிந்து கிடந்தது. என் மனைவியின் அண்ணன் சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். குடும்பத்தோடு மறுநாள் காலை ரயிலில் தென்காசியில் வந்து இறங்குவதாகத் தகவல். அவருக்கு முன்னால் எனக்கு எப்போதும் ஒரு குறுகல் உண்டு. தங்கையை மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவர் நினைப்பதாக எனக்கு நினைப்பு. தோப்புக்காரர் ஒருவரிடம் சொல்லி நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பெட்டி வாங்கினேன். ஜில்லென்று கொண்டுபோய் வைத்தால் எடுப்பாக இருக்கும். எங்கள் வீட்டு பிரிட்ஜ் அந்த வாரம் ரிப்பேர்.

அவள் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனாள். அவள் பஸ் ஏறியதும் நான் கடைப் பிரிட்ஜைத் திறந்தேன்.

சின்ன பிரிட்ஜ். கடைச் சரக்கு கதவுப் பக்கம் இருந்தது. நடுத்தட்டில் அவளுடைய உறைகள். அன்றைக்கு இரண்டே உறைகள்தான். பழப்பெட்டி நடுத்தட்டில்தான் நுழைந்தது. உறைகளைத் தூக்கி, ஐஸ் பிடிக்கிற மேல் அறைக்குள் வைத்தேன். ஒரு ராத்திரிதானே, காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்றும் ஒரு நினைப்பு. இருபது மாதம் அவள் சொல்லக் கேட்டதெல்லாம் என் காதுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் கடை திறந்தேன். பழப்பெட்டியை முதல் வேலையாக எடுத்து ஸ்கூட்டரில் கட்டினேன். பிறகு உறைகளை எடுத்தபோது அட்டைபோல விறைத்திருந்தன. உள்ளே பாட்டில்கள் கல்லாக இருந்தன.

இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பொத்திப் பொத்தி உருக்கினேன். முதல் உறையில் இருந்தது ஒரு பெரியவரின் பிரிக்காத பாட்டில், பால்போல வெள்ளையாக இருக்கும் மருந்து. உருகியபோது அதற்குள் குருணை குருணையாக மிதந்தது. யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைச் சரக்கில் இருந்து அதே மருந்தை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

இரண்டாவது உறை ஒரு பதினோரு வயசுப் பெண்பிள்ளையுடையது. திருவேங்கடத்தில் இருந்து அப்பா அம்மாவோடு மூன்று நாள் தங்க வந்திருந்தாள். பிறந்து சில வருடத்திலேயே சர்க்கரை வந்த பிள்ளை. ஊசி இல்லாவிட்டால் அவள் உடம்பு ஒரு நாள்கூடத் தாங்காது. இரண்டு பாட்டில், இரண்டும் தண்ணீர்போலத் தெளிவான மருந்து. உருகியதும் முன்னே இருந்தபடியே தெளிவாக இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. அந்த மருந்து எங்கள் கடையில் இருப்பு இல்லை. தென்காசிக்கு ஆள் விட்டால் அரை மணியில் வந்துவிடும். ஆனால் ஏன் என்று கேள்வி வரும்.

கண்ணுக்குத் தெரிகிற கெடுதலை மாற்றினேன், தெரியாத கெடுதலை அப்படியே விட்டேன். நான் செய்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஏழு மணிக்குப் பிள்ளையின் அப்பா வந்தார். கடலை விவசாயம் பார்க்கிறவர், பேச்சுக் குறைவு. "மருந்து அண்ணாச்சி," என்று கையை நீட்டினார். கொடுத்தேன். ஊசி போட்டுவிட்டுப் பாட்டில்களைத் திரும்பக் கொண்டு வந்தார். நனைந்திருந்த உறையை மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி நடுத்தட்டில் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். "அண்ணே, பிரிட்ஜுல என்ன இருக்கு?"

"மருந்து மட்டும்தாம்மா." கறாராகப் பார்த்தால் அதுகூடப் பொய் இல்லை.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அந்தப் பிள்ளையைத் தாய் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. கையில் தண்ணீர் பாட்டில். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நாலு தரம் குடித்தாள்.

"காலையில இருந்து தாகம் அடங்கலம்மா. சோந்து சோந்து விழுதா."

அவள் பிள்ளையின் விரலைக் குத்திக் கடை மீட்டரில் சர்க்கரை பார்த்தாள். நானூறுக்கு மேலே காட்டியது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிள்ளையை உட்காரவைத்து விசாரணையைத் தொடங்கினாள்.

"காலையில ஊசி போட்டியளா? எத்தனை பாயிண்டு?"

"எப்பவும் போடுத அளவுதான்."

"என்ன சாப்பிட்டா?"

தாய் தயங்கினாள். "அல்வா ஒரு துண்டு கேட்டா. குடுத்துட்டேன். ரெண்டு சிப்ஸும் தின்னா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து நான் போன பிறகு இந்த மருந்து எங்கன இருந்துச்சு?"

"வச்ச இடத்துலதான்."

"கரண்டு போச்சா?"

"போகல."

"யாரும் எடுத்தாங்களா, நகட்டுனாங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் சாரல் பெய்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். தாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா," என்றேன்.

அவள் நம்பினாள். நம்பியதை என் கண்ணால் பார்த்தேன். முகத்தில் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. "அப்ப மருந்துல குறை இல்லக்கா," என்று தாயிடம் சொன்னாள். "அல்வாவாத்தான் இருக்கும். இந்த ஊசியைப் போட்டுப் பாருங்க. வாந்தி வந்தா மட்டும் ஒரு நிமிஷம் நிக்காதிய. தென்காசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க." அதே பாட்டிலை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தாள்.

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அரை மணியில் புது மருந்து வந்திருக்கும். பிள்ளை அன்றைக்கே தெளிந்திருப்பாள். ஏழு வருடமாக அந்த ஒரு கேள்விக்கு நான் மனசுக்குள் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

விடியற்காலையில் பிள்ளைக்கு வாந்தி. பிறகு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோகும்போது நினைவில்லை. லாட்ஜ் வாட்ச்மேன் வந்து எங்களிடம் சொன்னார். அப்போதுதான் அவள் கடைக்குள் நுழைந்திருந்தாள். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தோள்பையை இறக்காமல் அப்படியே திரும்பி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் பிள்ளை தீவிர சிகிச்சையில் கிடந்தாள். நான் கவுண்டரில் நின்றபடி, சுவரில் இருந்த அத்தனை சாமிப் படத்தையும் கும்பிட்டேன். சாமிகளிடமும் மங்குஸ்தானைப் பற்றி வாய் திறக்கவில்லை, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாலாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள் என்று அவள் வந்து சொன்னாள். நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வேறு மருந்து போட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்கியதால், பழைய மருந்துதான் கெட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே பிள்ளையின் தாய்மாமன் கடைக்கு வந்தார். போலீஸில் இருப்பவர். காக்கி போடாமலே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எவன்லே மருந்தைப் பாத்துக்கிட்டது?"

நான் மாத்திரை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றாள். "மருந்தை வாங்கி வச்சது நான். நல்லா இருக்குன்னு சொல்லிக் குடுத்தனுப்புனதும் நான்தான்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு முன்னால் நிற்கிறவளிடம் என்ன சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. புகார், லைசென்ஸ் என்று எதுவும் வந்துவிடாமல் இருக்க, தாய்மாமன் எதிரிலேயே அவளிடம், "நாளையில இருந்து நீ வராண்டாம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் கடையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் தன் சாமான்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மைப்பேனா, ஒரு சீப்பு, தெர்மாமீட்டர். பிறகு அந்தப் பிள்ளையின் உறையைக் கொண்டுவந்து கவுண்டரில் என் முன்னால் விரித்தாள். எழுத்தெல்லாம் கரைந்து நீலமாக ஓடியிருந்தது. ஓரத்தில் ஒரு ஊதாக் கறை. மங்குஸ்தான் தோலைத் தொட்ட விரல் அது, என் கட்டைவிரல்.

"அண்ணே, இது எப்படி நனைஞ்சுது?"

"சாரல்ல நனைஞ்சிருக்கும்மா. கதவு திறந்தே கிடந்துச்சுல்லா."

"சாரல் பிரிட்ஜுக்குள்ள அடிக்காதுண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "நான் ஏழு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன்," என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே அடுக்கியிருந்த மாத்திரை அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஒரு ஆள் வந்து இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வீட்டில் பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற மகள், இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாத கை. காரணங்களுக்குக் குறைவில்லை. அத்தனையும் அந்தப் பிள்ளையின் ஒரு மூச்சுக்கு ஈடாகாது என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுக்கினேன்.

மணி ஏழானது. அவள் எழுந்தாள். உறையை அதன் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசல்படியில் நின்று குடையை விரித்தாள். "பிரிட்ஜைப் பாத்துக்கிடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் யாரிடமும் அந்தக் கறையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சினருக்காகத்தானே இத்தனையும்? அவர் ஒரு மங்குஸ்தானை உடைத்து ரெண்டு சுளை தின்றுவிட்டு, "இதெல்லாம் மெட்ராஸ்லயே கிடைக்குது மாப்ள" என்றார்.

பிறகு அவள் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பக்கத்துக் கடைகளில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லையாம். மருந்தைக் கெடுத்தவள் என்று பெயர். அந்தப் பெயரை என்னால் ஒரு நாளில் அழித்திருக்க முடியும். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. ஒவ்வொரு ஆடியிலும் எடுத்துப் பார்ப்பேன். சாரல் ஓய்ந்ததும் மறந்ததுபோல இருந்துவிடுவேன்.

அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டதால் இப்போது கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. காலண்டர் தாளில் உறை மடிக்கக் கற்றுக்கொண்டேன். அவள் அளவுக்குக் கூராக மடிய மாட்டேன் என்கிறது. எங்கிருந்து வாரிய, மருந்து எங்கன இருந்துச்சு என்று அவளைப்போலவே கேட்டு எழுதுகிறேன். பிரிட்ஜில் ஒரு தயிர் பாக்கெட்டைக்கூட விடுவதில்லை. இதெல்லாம் செய்தால் என் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை.

இந்த சீசனில், போன வாரம், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி தோழிகளோடு வந்தாள். கல்லூரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். கைப்பையில் இருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். நான் உறையை மடித்து, பாட்டில்களை உள்ளே வைத்து, வழக்கம்போலக் கேட்டேன்.

"எங்கன இருந்து வாரம்மா?"

"திருவேங்கடம் அண்ணாச்சி. சின்னப் பிள்ளையில ஒருதடவை இங்கன மருந்து வச்சிருக்கோம். எனக்குக்கூட ரொம்ப முடியாமப் போச்சே."

பேனா என் கையில் நின்றுவிட்டது.

"அந்த அக்கா இருக்காவளா? ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து என் பக்கத்துல உக்காந்திருப்பாவ. என் தப்புதான்னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாவளாம். இங்கன போனா அந்தக் கடையிலதான் வைக்கணும்னு அம்மா சொல்லி விட்டா. தப்பு நடந்தா மறைக்காத கடைன்னு சொல்லுவா."

அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோழிகள் வாசலில் நின்று சாரலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழப்பெட்டி, மேல் அறை, கைக்குள் வைத்து உருக்கியது, மாற்றிய ஒரு பாட்டில், மாற்றாத இரண்டு பாட்டில், சாயங்காலம் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க நான் சொன்ன "இல்லம்மா". ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஏழு வருடப் பாரத்தை இறக்கிவிட்டதாக எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது.

"அந்த அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்னு நினைக்கேன்."

"நீங்க சொன்னியளா?"

"இல்ல."

"இத்தனை வருஷமாவா?"

அவள் கையை நீட்டி, நான் உறைக்குள் வைத்திருந்த இரண்டு பாட்டில்களையும் வெளியே எடுத்தாள்.

"நான் வேற எங்கனயாவது வச்சுக்கிடுதேன் அண்ணாச்சி."

"இப்ப அப்படி நடக்காதும்மா. பிரிட்ஜுல மருந்து மட்டும்தான் இருக்கு. வேணும்னா நீயே திறந்து பாரு."

"நடக்காம இருக்கலாம் அண்ணாச்சி," என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது. "நடந்தா நீங்க சொல்ல மாட்டியளே."

பாட்டில்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள். 'திருவேங்கடம்' என்பதோடு எழுத்து நின்றுபோன உறை மட்டும் கவுண்டரில் கிடந்தது.